வீட்டில் தம்மம்: பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தம்மம் என்பது புத்தர் காட்டிய வழி. பௌத்தத்தை ஏற்றுக்கொண்ட, அல்லது ஏற்கலாம் என்று யோசிக்கிற, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டு பிள்ளைகளின் அம்மா. இருப்பது வடசென்னையில். ஞாயிறு மாலைகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஏழெட்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்.

முதல் வாரம் புத்தர் சிலை வாங்குவார்கள். விடியற்காலை 5 மணிக்கு அலாரம் வைப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையை 20 நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார்கள். பிள்ளை நெளியும், அப்பா அதட்டுவார். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் சிலை இருக்கும், மற்றதெல்லாம் நின்றுபோயிருக்கும்.

இதற்குக் காரணம் அக்கறைக் குறைவு இல்லை. கடைசியில் வரவேண்டியது முதலில் வந்துவிட்டது, அவ்வளவுதான். கோலியர் குலத்தைச் சேர்ந்த தீகஜாணு என்பவர் புத்தரிடம் வந்து, "நாங்கள் பிள்ளைகளோடு நெருக்கியடித்துப் படுத்து உறங்கும் இல்லறத்தார். எங்களுக்குப் பொருந்துவதாக ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டார். புத்தர் எட்டு விஷயங்கள் சொன்னார். உழைப்பு, ஈட்டியதைக் காப்பது, நல்ல நட்பு, வரவுக்கேற்ற செலவு. அப்புறம் நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, ஞானம். கண்ணை மூடி உட்காருவதைத் தனியாக ஒன்றாக அவர் அந்த எட்டில் வைக்கவில்லை. எங்கே தொடங்குவது என்பதற்கு இல்லறத்தாருக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

தொடங்கும் முன் வேண்டியவை

முதலில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிட வேண்டும். இருவரும் பௌத்தராக இருந்தாக வேண்டும் என்று இல்லை. ஒருவர் செய்வதை மற்றவர் பிள்ளை முன்னால் கேலி செய்வதில்லை, செய்கிறவர் மற்றவரை இழுப்பதில்லை. இந்த ஒரு ஒப்பந்தம் போதும். இது இல்லாமல் தொடங்கிய வீடுகளில் பிள்ளை யார் பக்கம் நிற்பது என்று தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நேரம். புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்கப் பார்க்காதீர்கள், நிற்காது. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்து முடிந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து பாய் விரிப்பதற்கு முன்னால் 10 நிமிடம். காலையில் பள்ளி வண்டிக்கு ஓடும் வீட்டில் காலை வழிபாடு சண்டையில்தான் முடியும்.

மூன்றாவது, திரிசரணமும் (புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் அடைக்கலமாகக் கொள்ளும் வரிகள்) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்கப் பயிற்சிகள்) எழுதிய ஒரு தாள். இவை பாலி மொழியில் இருப்பதால் தமிழ் வாசிக்கும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'புத்தம்' என்பதில் வரும் முதல் ஒலியும் 'பாணாதிபாதா' என்பதில் வரும் முதல் ஒலியும் வேறு வேறு. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான். அதனால் தாளைப் பார்த்து மட்டும் பழகாமல், பிக்கு ஒருவர் சொல்வதை நேரிலோ பதிவிலோ சில முறை கேட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் கென்னட் லேனில் உள்ள மகாபோதி சங்கத்துக்கு ஒரு பௌர்ணமியன்று போய் உட்கார்ந்தால் காதில் ஏறிவிடும். பாலி வரிக்குக் கீழே அதன் தமிழ்ப் பொருளையும் எழுதி வையுங்கள். பொருள் தெரியாமல் சொல்லும் பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடச் செய்யுள்தான்.

சிலை, மணி, விசேஷமான பாய் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

1. முதல் ஒரு மாதம் பெற்றோருக்கு மட்டும்

இந்த மாதம் பிள்ளையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பஞ்சசீலத்தை நீங்கள் மட்டும் எடுத்துக்கொண்டு வாழ்ந்து பாருங்கள். நீங்கள் செய்யாததைப் பிள்ளையிடம் சொன்னால் அது உடனே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பிறகு நீங்கள் சொல்லும் மற்ற நல்ல சொற்களும் மதிப்பிழந்துவிடும்.

ஐந்து வரிகளுமே 'வேரமணி சிக்காபதம் சமாதியாமி' என்று முடிகின்றன. 'விலகி நிற்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன்' என்பது பொருள். யாரோ மேலிருந்து இட்ட கட்டளை இல்லை, நாமாக எடுத்துக்கொள்ளும் பயிற்சி. தவறினால் மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இது மனதில் பதிந்தால் குற்றவுணர்ச்சியால் விட்டுவிடுவது நிற்கும். புதியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள்.

வீட்டுக்குள் இந்த ஐந்தும் எந்த உருவத்தில் வந்து நிற்கின்றன என்று பார்ப்போம்.

உயிர்க் கொலை. எங்கள் பகுதியில் நண்டை உயிரோடு வாங்கி வந்து வீட்டில் உடைப்பது சாதாரணம். முதல் சீலத்தை எடுத்த வீட்டில் அது முதலில் நிற்க வேண்டும். அசைவம் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தமக்கென்று கொல்லப்பட்டதைப் பார்க்காமல், கேள்விப்படாமல், அப்படிச் சந்தேகமும் இல்லாமல் இருந்தால் பிக்குகள் இறைச்சியை ஏற்கலாம் என்றுதான் புத்தர் வரம்பு வைத்தார். ஆகவே நாளையே மரக்கறிக்கு மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொல்வதும், நமக்காகக் கொல்லச் சொல்வதும் நிற்க வேண்டும். நாங்கள் வீட்டில் இறைச்சியைக் குறைத்துக்கொண்டே வந்தோம். பிள்ளைகளை வற்புறுத்தவில்லை.

கொசு மட்டை, கரப்பான் மருந்து பற்றியும் கேட்பார்கள். கொல்லும் தேவை வராமல் பார்த்துக்கொள்வதுதான் பயிற்சி. டிரம்மை மூடி வைப்பது, பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் கவிழ்ப்பது, கொசுவலை கட்டுவது, இரவே பாத்திரம் கழுவிவிடுவது. டெங்கு காலத்தில் பிள்ளையைக் காப்பது உங்கள் கடமை, அதில் தயங்க வேண்டாம். ஆனால் மட்டையில் கொசு வெடிக்கும் சத்தத்துக்குப் பிள்ளை கைதட்டிச் சிரிக்கிறது என்றால் மட்டையை அதன் கையில் கொடுக்காதீர்கள். கொல்வதில் ருசி பழகுவது அங்கேதான்.

கொடுக்கப்படாததை எடுப்பது. பேருந்தில் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வது இதில் வரும், பொய்யிலும் வரும். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அலுவலகப் பேனா, பேப்பர் கட்டு வீட்டுக்கு வருவதும் இதே கணக்கு.

தவறான காமம். பெரியவர்களுக்கு இது துணைக்கு உண்மையாக இருப்பது. பிள்ளைகளுக்குச் சொல்லும் காலம் வரும்போது, "யாருடைய உடம்பையும் அவங்க விருப்பம் இல்லாம தொடக்கூடாது, உன் உடம்பையும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லுங்கள். இந்த வரியைப் பிள்ளைகள் முன் முணுமுணுத்துவிட்டுக் கடந்துபோகும் பெற்றோர்தான் அதிகம். பிள்ளையைக் காக்கும் வரியே இதுதான், தெளிவாகச் சொல்லுங்கள்.

பொய். கடன்காரர் வந்தால் "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்பதும், போகாத உறவினர் வீட்டுக்கு "உடம்பு சரியில்லை" என்பதும், அழும் பிள்ளையிடம் "ஊசி போட மாட்டாங்க" என்று சொல்லி மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும் இதில் அடக்கம். மூன்றாவதுதான் மிக மோசமானது. பிள்ளை நம்மை நம்புவதையே அது அரித்துவிடும். "ஊசி போடுவாங்க, வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்குவேன்" என்று சொன்னால் அழுதாலும் உங்களைத்தான் கட்டிக்கொள்ளும்.

போதை. குடியை நிறுத்துவது மட்டுமே பலருக்கு ஒரு வருட வேலை. நிறுத்த முடியாதவர்கள் மருத்துவ உதவி தேடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். பாலி வரியில் 'பமாதம்' என்ற சொல் இருக்கிறது. கவனம் தவறுதல் என்று அர்த்தம். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே "ம்" கொட்டுவதையும் நான் இதற்குள் வைக்கிறேன். இது என் வாசிப்பு. ஆனால் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு உண்மையில் வலிப்பது இதுதான்.

ஒவ்வொரு இரவும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள், எது தவறியது என்று மட்டும். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் உங்களுடைய பலவீனமான சீலம் எது என்று தெரிந்துவிடும். என்னுடையது நான்காவது.

2. பேச்சு: பிள்ளை கேட்கும் முதல் தம்மம்

பெற்றோரை 'முதல் ஆசிரியர்கள்' என்கிறது பாலி நூல். பிள்ளைக்கு நம் தியானம் தெரியாது, நம் குரல் தெரியும். அதனால் இரண்டாவது மாதம் முழுக்கப் பேச்சுக்கு.

நல்ல பேச்சுக்கு ஐந்து அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: காலம் அறிந்தது, உண்மையானது, மென்மையானது, பயனுள்ளது, அன்புள்ளத்தோடு சொல்வது. ஐந்தையும் ஒரே நாளில் பிடிக்க முடியாது. முதல் வாரம் 'காலம்' ஒன்றை மட்டும் எடுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், விருந்தாளி எதிரில், இந்த மூன்று இடங்களில் கண்டிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சொல்வது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் பிள்ளையின் காதில் அவமானம் மட்டும்தான் விழும்.

ஒரு வாரத்தில் வீட்டில் சத்தம் குறைவதை உணர்வீர்கள். அதன் பிறகு மற்ற நான்கும் ஒவ்வொன்றாக.

"அப்போ கண்டிக்கவே கூடாதா?" என்று கேட்பார்கள். கண்டிக்க வேண்டும். அபயன் என்ற இளவரசன் தன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு புத்தரிடம் பேசிக்கொண்டிருந்தான். "இந்தக் குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்?" என்று புத்தர் கேட்டார். ஒரு கையால் தலையைப் பிடித்து, மறு கை விரலை வளைத்து, ரத்தம் வந்தாலும் எடுத்துவிடுவேன் என்றான் இளவரசன். ஏன் என்றால், குழந்தை மேல் உள்ள இரக்கத்தால். பிள்ளைக்குப் பிடிக்காத சொல்லையும் சொல்லத்தான் வேண்டும், அது உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்து, நேரமும் சரியாக இருந்தால்.

இந்தக் கதையை அடிப்பதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இளவரசனின் கை கல்லை எடுக்கப் போகிறது, குழந்தையைத் தண்டிக்கப் போகவில்லை. கண்டிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் இப்போது கல்லை எடுக்கிறேனா, என் கோபத்தை இறக்குகிறேனா? கோபம் என்றால் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கல் அங்கேயே இருக்கும், பிறகு எடுக்கலாம்.

இன்னொரு தவறு, தம்மத்தையே சாட்டையாக்குவது. "புத்தர் வீட்டுப் பிள்ளை இப்படிப் பண்ணலாமா?" என்று ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் பல மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

கத்திவிட்டீர்கள் என்றால் அன்றிரவே பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். "நான் கத்தினது தப்பு" என்பதோடு நிறுத்த வேண்டும். "ஆனா நீ அப்படிப் பண்ணதாலதான்" என்று சேர்த்தால் அது மன்னிப்பு இல்லை.

3. ராகுலனின் கண்ணாடி

இப்போதுதான் பிள்ளைக்கு முதல் பாடம். ஆறேழு வயதிலிருந்து இது பிடிபடும். புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்னது இது. இதைவிட நல்ல தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு செம்பில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். அடியில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தண்ணீரைக் காட்டுங்கள். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவரிடம் நல்ல தன்மை இவ்வளவுதான் மிஞ்சும். தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இப்படி வீசப்பட்டுவிடும். செம்பைக் கவிழ்த்துக் காட்டுங்கள். பிறகு நிமிர்த்தி, காலியாக இருப்பதைக் காட்டுங்கள். புத்தர் செய்ததும் இதே வரிசைதான், கால் கழுவ ராகுலன் வைத்த தண்ணீரில். நீங்கள் நீளமாக விளக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தது பிள்ளைக்கு மறக்காது.

அடுத்த நாள் கண்ணாடி. "கண்ணாடி எதுக்கு?" என்று கேளுங்கள். "பாக்கறதுக்கு" என்று சொல்லும். அதேபோல ஒன்றைச் செய்யும் முன், செய்யும்போது, செய்த பின் என்று மூன்று தடவை பார்க்கச் சொல்லுங்கள்: இது எனக்கு வலிக்குமா, மற்றவருக்கு வலிக்குமா, இரண்டு பேருக்கும் வலிக்குமா?

பழக்கும் வரிசை முக்கியம். முதலில் 'செய்த பின்'. அதுதான் எளிது. சில வாரம் கழித்து 'செய்யும்போது'. 'செய்யும் முன்' கடைசியில் வரும். அது பெரியவர்களுக்கே கடினம். நேரே மூன்றாவதிலிருந்து தொடங்கி, "செய்யறதுக்கு முன்னாடி யோசிச்சியா?" என்று கேட்கிற வீட்டில் கண்ணாடி போலீஸ் விசாரணையாக மாறிவிடுகிறது.

எல்லோரும் மறக்கிற ஒரு பகுதி இதில் உண்டு. செய்தது நல்லது என்று தெரிந்தால் அந்த மகிழ்ச்சியிலேயே இரவும் பகலும் இரு என்றும் ராகுலனுக்குச் சொல்லப்பட்டது. நாம் தப்பை மட்டும் கேட்கிறோம். தினமும் இரவில் முதல் கேள்வி, "இன்னிக்கு எதை நினைச்சா சந்தோஷமா இருக்கு?" என்று இருக்கட்டும். என் மகன் ஒருநாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, அழி ரப்பரைப் பாதியாக வெட்டிப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்ததைச் சொன்னான். அந்த வாரம் முழுக்க அதையே மூன்று தடவை சொன்னான். சொல்லட்டும்.

தப்பை ஒப்புக்கொண்டால் அன்றைக்குத் தண்டனை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை சொன்னதற்கு அடி கிடைத்தால் மறுநாளிலிருந்து உண்மை வராது.

4. இரவு 10 நிமிடம்

மூன்றாவது மாதம் இதைத் தொடங்கலாம். இப்போது ஒரு சின்னச் சிலையோ படமோ வைத்துக்கொள்ளுங்கள். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, செருப்பு வைக்கும் இடத்துக்கு அருகில் இல்லாமல் இருந்தால் சரி. வேண்டியதைத் தரும் சாமி இல்லை, வழி காட்டிய ஆசிரியர் என்று பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பரீட்சை நேரத்தில் அதன் முன் வேண்டுதல் தொடங்கிவிடும்.

வரிசை இது. விளக்கேற்றுவது பிள்ளையின் வேலை. "நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ" மூன்று முறை, முழுமையாக விழிப்புற்ற புத்தருக்கு வணக்கம் என்று பொருள். பிறகு திரிசரணம், பஞ்சசீலம். அப்புறம் மௌனம். கடைசியில் மெத்தா, அதாவது எல்லா உயிர்க்கும் அன்பு. சரணம் முதலில் வருவது நாம் எந்த வழியில் நடக்கிறோம் என்று நினைவுபடுத்த. அடுத்து சீலம், எப்படி நடக்கிறோம் என்பதற்கு. ஒழுக்கம் சொன்ன பிறகு வரும் மௌனத்தில் மனம் கொஞ்சம் லேசாகவே இருக்கும்.

மௌனத்துக்கு என் கணக்கு: ஆறு வயதுக்குள் மூன்று மூச்சு, நேரம் பார்க்க வேண்டாம். ஏழெட்டு வயதில் இரண்டு நிமிடம். பத்துக்கு மேல் ஐந்து. மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது மட்டும் போதும். ஆழமாக இழு, நிறுத்து என்று சொல்லாதீர்கள். அது வேறு பயிற்சி. கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் பரவாயில்லை.

இதற்கு மேல் கற்பிக்க நீங்களே முயல வேண்டாம். விபஸ்ஸனா தியான மையங்களில் 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆனாபானப் பயிற்சி, அதாவது மூச்சைக் கவனிக்கும் பயிற்சி, நடக்கிறது, கட்டணம் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. அம்மா சொன்னால் கேட்காத பிள்ளை அங்கே தன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடும்.

மெத்தாவை ஆள் பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். "எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும்" என்று நேரே போனால் பிள்ளைக்கு எதுவும் தோன்றாது. தான், வீட்டில் உள்ளவர்கள், தெரு நாய், காய்கறி வண்டிக்காரர், அப்புறம் இன்று சண்டை போட்டவர் என்று விரியட்டும். சண்டை போட்டவரிடம் நின்றுவிட்டால் அன்றைக்கு அங்கேயே முடித்துவிடலாம்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். வழக்கம்போல் தொடருங்கள்.

5. உண்டியலும் பௌர்ணமியும்

சிகாலன் என்ற இல்லற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன உபதேசத்தில் வருமானத்தை நான்காகப் பிரிக்கும் முறை இருக்கிறது: ஒரு பங்கு வாழ, இரண்டு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு ஆபத்துக் காலத்துக்கு. பெரியவர்கள் அதைத் தங்கள் கணக்குக்கு ஏற்பப் பின்பற்றலாம். பிள்ளைக்கு இரண்டு உண்டியல் போதும், தனக்கு ஒன்று, தானத்துக்கு ஒன்று. தானத்துக்கு எவ்வளவு, யாருக்கு என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நாம் எடுத்துக் கொடுத்தால் அது நம் தானம்.

பௌர்ணமியன்று பெரியவர்கள் எட்டுச் சீலம் எடுக்கலாம். ஆறாவது சீலம் நண்பகலுக்குப் பின் உண்ணாமை. இதைப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்கு அன்று மாலை தொலைக்காட்சி இல்லாமல், மொட்டைமாடியில் நிலா வெளிச்சத்தில் சோறு, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஒரு ஜாதகக் கதை. எங்கள் பிள்ளைகள் மாதம் முழுக்க எதிர்பார்ப்பது இதைத்தான்.

6. ஆயா, குலதெய்வம், பள்ளிக்கூடம்

வீட்டுக்குள் ஓரளவு ஊன்றிய பிறகுதான் உறவுகளிடம் பேச வேண்டும். முதலிலேயே அறிவித்தால் விவாதம் மட்டும்தான் நடக்கும், காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

சிகாலன் தினமும் காலையில் ஈரத் துணியோடும் ஈரத் தலையோடும் ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பா சாகும்போது அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார். புத்தர் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உன் அப்பா மூடர் என்றும் சொல்லவில்லை. கிழக்கு என்றால் பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே பணியாட்கள், மேலே துறவிகள் என்று அந்தக் கும்பிடுக்கு உள்ளிருந்தே பொருள் கொடுத்தார். பெரியவர்களின் வழக்கத்தை எப்படி அணுகுவது என்பதற்கு எனக்கு இதுதான் அளவுகோல்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளின் ஆயா, என் மாமியார், ஆடி மாதம் கூழ் ஊற்றுவார். நான் கூடவே நின்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பேன். பசித்தவருக்கு உணவு கொடுப்பது தானம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும்போது மட்டும் நாங்கள் போவதில்லை. அதை முதல் வருடமே, பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னால், தனியாக உட்கார்ந்து சொன்னேன். "அத்தை, உங்க சாமிமேல எனக்கு மரியாதை உண்டு. உயிர் போற இடத்துல மட்டும் என்னால நிக்க முடியாது" என்றேன். அவர் மூன்று நாள் பேசவில்லை. பிறகு கிடாவுக்கான பங்குப் பணத்தைப் பொங்கல் வைக்கும் அரிசிக்குக் கொடுத்துவிடு என்றார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. பண்டிகை அன்று காலையில் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தீட்சையோடு கொடுத்த 22 உறுதிமொழிகளை எடுத்த குடும்பங்கள் இந்த விஷயத்தில் கூடுதல் தெளிவோடு இருப்பார்கள். மற்ற தெய்வங்களை வழிபடுவதில்லை என்பது அந்த உறுதியிலேயே இருக்கிறது. அவர்கள் வீட்டில் எல்லை வேறு, எங்கள் வீட்டில் வேறு. உங்கள் எல்லையை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் அதைப் பிள்ளை வழியாக ஆயாவிடம் சொல்லியனுப்பாதீர்கள். "அதெல்லாம் சாமி இல்ல ஆயா" என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்வது தம்மம் ஆகாது. அந்த முதியவளுக்கு அது வலி மட்டுமே.

பள்ளி விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் பௌத்தம் என்று எழுத விரும்பினால் முதல் சேர்க்கையிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் மாற்ற அலைய வேண்டியிருக்கும். பட்டியல் சாதிச் சான்றிதழ் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 1990-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பௌத்தரானாலும் அந்தத் தகுதி தொடர்கிறது.

வகுப்பில், "நீங்க எந்தச் சாமி?" என்று பிள்ளையைக் கேட்பார்கள். வீட்டிலேயே பதிலைப் பழக்கிவிடுங்கள். "நாங்க புத்தர் சொன்ன மாதிரி நடக்கப் பாக்கறோம்" என்பது என் மகளின் பதில். யாரும் அதன் மேல் சண்டை பிடித்ததில்லை.

7. 'பற்று' என்ற சொல்

இங்கே தடுக்கி விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்த்திருக்கிறேன். பற்றை விட வேண்டும் என்று படித்துவிட்டு, பிள்ளையிடமிருந்து விலகி நிற்பதையே பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்பாக்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட 'சமநிலையில்' உட்கார்ந்திருப்பார்கள்.

ராகுலன் துறவு பூண்டபோது தாத்தா சுத்தோதனர் புத்தரிடம் வந்து வருந்தினார். பிள்ளை மேல் உள்ள அன்பு தோலை அறுக்கிறது, சதையை அறுக்கிறது, எலும்பை அறுத்து மஜ்ஜை வரை போகிறது என்றார். பெற்றோர் சம்மதமில்லாமல் இனி யாருக்கும் துறவு கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். புத்தர் அதைப் பற்று என்று ஒதுக்கவில்லை. விதியாகவே ஆக்கினார்.

விட வேண்டியது பிள்ளையை இல்லை. பிள்ளை இப்படித்தான் ஆக வேண்டும் என்று நாம் மனதில் எழுதி வைத்திருக்கிறோமே, அதைத்தான். சோதிப்பது எளிது. மதிப்பெண் குறைந்து வந்தால் முதலில் எழும் நினைவு பிள்ளையைப் பற்றியதா, உறவினரிடம் என்ன சொல்வது என்பதா? இரண்டாவது என்றால் அங்கே ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருங்கள். பிறகு போய் விடைத்தாளைப் பாருங்கள்.

8. பிள்ளை வேண்டாம் என்று சொன்னால்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சொல்லும். என் மகள் சொன்னாள். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா" என்று ஒரு இரவு விளக்கு ஏற்ற வரவில்லை.

அப்போது செய்யக்கூடாதது: காரணம் கேட்டு வாதாடுவது, அழுவது, தம்பியோடு ஒப்பிடுவது, கைப்பேசியைப் பிடுங்குவது. கேட்டதற்காக, மரபு என்பதற்காக, ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஏற்காதீர்கள் என்று காலாமர் என்ற குலத்து மக்களிடம் புத்தரே சொல்லியிருக்கிறார். அதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிள்ளை அதன்படி நடந்தால் தடுக்க நமக்கு உரிமை இல்லை.

சீலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வீட்டில் பொய் இல்லை, அடி இல்லை, திருட்டு இல்லை. இது நம்பிக்கை இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பொது. பாலி சொல்வது, உட்காருவது, விளக்கேற்றுவது எல்லாம் அவள் விருப்பம்.

நேரத்தை மாற்றாதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்து அதே 10 நிமிடம், அதே இடம். அவள் உட்காரும் இடத்தை நிரப்பாமல் விடுங்கள், வா என்று கூப்பிடாதீர்கள். மெத்தாவில் அவள் பெயரை வழக்கம்போலச் சொல்லுங்கள். அடுத்த அறையில் அவளுக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும்.